வெளுத்த விரல்கள்

காலைப் பெரட்டில் பேர் பதிந்து முடித்து, மலைக்குக் கிளம்பும் முன் தகர டம்ளரில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அதை முதலில் பார்த்தேன். என் இடது கை மோதிர விரல், நுனியிலிருந்து நடுக்கணு வரை, சுண்ணாம்பில் முக்கி எடுத்தது போல வெளுத்திருந்தது. மற்ற விரல்கள் எப்போதும் போலக் கறுப்பாக இருந்தன. டம்ளரின் சூடு மற்ற விரல்களைச் சுட்டது; அந்த ஒன்றை மட்டும் சுடவில்லை. கால்சட்டையில் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஊசி குத்துவது போலக் குத்தி ரத்தம் திரும்பியது. குளிர்தான் என்று நினைத்து விட்டுவிட்டேன். கேமரன் மலையில் காலை நேரத்தில் குளிராத விரல் யாருக்கு இருக்கிறது?

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தேயிலைத் தோட்டத்தில் எனக்கு மரவேலை. தேயிலைச் செடியும் ஒரு மரம்தான், அதை வெட்டி வெட்டி இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று எங்கள் கங்காணி சொல்வார். அதற்குக் கவ்வாத்துக்காரர்கள் தனியாக இருந்தார்கள். எங்களுக்கு வளர்ந்த மரங்கள். தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு யூக்கலிப்டஸ் வெட்டிக் கொடுக்க வேண்டும். காற்றுத் தடுப்புக்கு நட்ட மரங்களில் செத்த கிளைகளை இறக்க வேண்டும். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கூரை மேல் சாய்ந்தவற்றை ஆபத்தில்லாமல் கழிக்க வேண்டும். மழைக்காலத்தில் ரோட்டில் மரம் விழுந்தால், கொழுந்து லோரி போக வழி செய்ய வேண்டும்.

இந்த வேலையில் எனக்குச் சோடி என் மனைவியின் அண்ணன். அவனை நான் மச்சான் என்பேன், அவன் என்னை மாப்பிள்ளை என்பான். மெஷின் வருவதற்கு முன்பு ஆளுக்கு ஒரு முனையாக இழுக்கும் நீள ரம்பம் எங்களிடம் இருந்தது. அந்த ரம்பத்தில் ஒருவன் தள்ளக் கூடாது, இழுக்க மட்டும்தான் செய்யலாம். தள்ளினால் தகடு வளைந்து மரத்துக்குள் சிக்கிக்கொள்ளும். நானும் மச்சானும் பேசாமலே இழுப்போம். எங்கள் இருவரின் மூச்சும் ஒன்றாகிவிட்டது என்று சொல்லிச் சிரிப்பார்கள். அதனால்தான் ஈப்போவிலிருந்து செயின்சா என்ற சங்கிலி ரம்ப மெஷின் வந்து இறங்கியபோது, துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்.

அந்த மெஷினைப் பற்றி எனக்கு இப்போதும் குறை சொல்ல மனம் வராது. பெட்டியைப் பிரித்தபோது பெட்ரோல் வாசமும் புதுப் பெயின்ட் வாசமும் அடித்தன. கயிற்றை இழுத்தால் இருமும், இரண்டாவது இழுப்பில் கத்தும். அந்தச் சத்தம் மலைக்கு மலை மோதித் திரும்பும். இரண்டு பேர் அரை நாள் இழுத்த மரம் ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் சாய்ந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். லயத்தில் எங்களுக்குச் 'செயின்சாக்காரங்க' என்று பட்டமே வந்துவிட்டது.

மெஷினுக்குள் ஆட்டத்தைத் தாங்கும் ரப்பர் கிப்பர் எதுவும் கிடையாது. எஞ்சினோடு கைப்பிடி நேராகப் பூட்டியிருக்கும். முன்கைப்பிடியை இடது கையால் பிடித்து, பின்னால் வலது கையால் விசையை அழுத்த வேண்டும். சங்கிலியின் பற்கள் கூராக இருந்தால் மரம் சீவல் சீவலாக வரும். மழுங்கினால் மாவு போலத் தூள்தான் வரும், மெஷினும் கையில் குதிக்கும். மத்தியானத்துக்குள் ஒரு தடவை அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டுவேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும், உள்ளங்கைக்குள் தேனீக் கூடு இருப்பது போல அந்த நடுக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். உழைப்பின் களைப்பு என்று நினைத்தோம்.

அடுத்த மழைக்காலத்தில் மோதிர விரலோடு நடுவிரலும் சேர்ந்து வெளுத்தது. அதற்கப்புறம் சுண்டு விரல். சட்டைப் பொத்தான் போட முடியாத காலைகள் வந்தன. ஒரு நாள் அடுப்பிலிருந்து சட்டியை எடுத்து வைத்தபோது, என் மனைவி கத்தினாள். "ஐயோ, வெறுங்கையில புடிச்சிருக்கீங்க!" பார்த்தால் விரலில் தோல் பொங்கியிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அன்றுதான் பயம் வந்தது.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் தொழிற்சாலை வேலைக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கும் இப்படித்தான் விரல் மரத்தது என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டார்கள். ஒரு நாள் வேன் வந்தது. பெரிய வியாதி என்று நாங்கள் சொல்லும் குஷ்டம் வந்தவர்களுக்கென்று கீழே, கோலாலம்பூர் பக்கம் இருந்த குடியிருப்புக்கு அவரைக் கொண்டுபோனார்கள். வீட்டுக்குள் மருந்து அடித்தார்கள். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் பைப்புக்குத் தண்ணீர் பிடிக்க வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகி நிற்பார்கள். கொஞ்ச காலத்தில் அந்தக் குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அப்போது எங்களுக்கு ஒரே பெண் குழந்தை, நடக்கத் தொடங்கியிருந்தாள். வேலை விட்டு வந்தால் ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொள்வாள். தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு லயத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பது எங்கள் வழக்கம். அதை நிறுத்திவிட்டேன். "அப்பா மேலெல்லாம் எண்ணெய்டா கண்ணு" என்று விலக்கினேன். எனக்கென்று ஒரு தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துக்கொண்டு நானே கழுவினேன். முன் அறையில் பாயை விரித்துப் படுத்தேன்.

ஒரு வாரம் என் மனைவி பொறுத்தாள். ஒரு சாயங்காலம் குழந்தை பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தபோது, என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க. வேற எங்கயாச்சும் மனசு போயிடுச்சா?"

"பைத்தியமா உனக்கு?"

"அப்ப நான் என்ன செஞ்சேன்? புள்ளகூட ஆகாம போச்சா உங்களுக்கு?"

எழுந்து போய்த் தொட்டித் தண்ணீருக்குள் இடது கையை விட்டேன். எங்கள் மலைத் தண்ணீர் எந்த நேரமும் பல்லைக் கூசவைக்கும். கொஞ்சம் பொறுத்துக் கையை எடுத்து அவளுக்குக் காட்டினேன். மூன்று விரல்கள் பிணத்தின் விரல்கள் போல இருந்தன.

அவள் அலறுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் அக்குளுக்குள் வைத்து அழுத்திக்கொண்டாள், மழையில் நனைந்து வந்த குழந்தையின் கையைச் சூடாக்குவது போல. சூடு ஏறி வலிக்க ஆரம்பிக்கும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

"தோட்ட ஆஸ்பத்திரி டிரசர்கிட்ட காட்டுனீங்களா?"

"காட்டுனா பேரெழுதி மேல அனுப்புவாரு. வேன் வரும். நீயும் புள்ளையும் என்ன ஆவீங்க?"

அன்று இராச்சாப்பாட்டுக்கு அவள், நான் ஒளித்து வைத்திருந்த தட்டை எடுத்து வந்து, அதில் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டு, எனக்கு எதிரில் உட்கார்ந்து அதே தட்டில் கை வைத்தாள். தட்டை இழுக்கப் பார்த்தேன். "வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும். சாப்பிடுங்க" என்றாள். குழந்தையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். மழைக்காலம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டோம்.

அதே சமயத்தில் மச்சானுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் முட்டைக்கோசும் பூவும் பயிர்செய்யும் ஒருவரின் மூத்த மகள். பெண்ணை எல்லோருக்கும் பிடித்திருந்தது, மச்சானுக்கும்தான். ஆனால் நிச்சயத்துக்கு நாள் குறிக்கலாம் என்றதும் அவன் மாறிவிட்டான். இப்போது வேண்டாம் என்றான். பிறகு கல்யாணமே வேண்டாம் என்றான். என் மாமியார் அழுதார். என் மனைவி சண்டை போட்டாள். "அண்ணே, அந்தப் புள்ளைக்கு என்ன குறைச்சல்? சொல்லுலா!" அவன் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். எனக்கு என் கவலையே பெரிதாக இருந்ததால், அவனை நான் எதுவும் கேட்கவில்லை.

மழை கொட்டிய அந்த ஆண்டின் கடைசி மாதங்களில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கு மேலே இருந்த ஒரு யூக்கலிப்டஸ் வேரோடு அசைந்து கொடுத்தது. கொட்டகையின் பக்கம்தான் சாய்ந்திருந்தது. பிள்ளைகளைக் கோயிலுக்கு மாற்றிவிட்டு, மரத்தை மேல்பக்கமாக இழுத்துச் சாய்க்கும்படி கங்காணி சொன்னார். உச்சிக்குக் கீழே வடக்கயிறு கட்டி, மேட்டில் இருந்த ஒரு பெரிய அடிக்கட்டையில் சுற்றி, ஆறேழு ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். மச்சான் ஆப்பும் சம்மட்டியும் வைத்திருந்தான். மெஷின் என் கையில்.

மஞ்சு இறங்கி எல்லாம் ஈரமாக இருந்தது. மரம் விழ வேண்டிய பக்கத்தில் வாய் வெட்டி எடுத்தேன். பின்பக்கம் வெட்டத் தொடங்கியபோதே இரண்டு கைகளும் மரத்துவிட்டன. சத்தத்தை வைத்துத்தான் விசையை அழுத்துகிறேனா விடுகிறேனா என்று தெரிந்துகொண்டேன். மச்சான் ஆப்பை அடித்து இறக்கினான். மேட்டில் இருந்தவர்கள் இழுத்தார்கள். மரம் முனகியது. "வுடு, வுடு, வந்துரு!" என்று மச்சான் கத்தினான். மெஷினை வெளியே இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். விசையை விட்டுவிட்டதாகத்தான் நினைத்தேன். விரல் விடவில்லை. சறுக்கலில் ஒரு கால் இறங்க, ஓடிக்கொண்டிருந்த சங்கிலி என் முழங்காலுக்கு மேல் உரசியது.

மரம் மேல்பக்கமாக, நாங்கள் நினைத்த இடத்திலேயே விழுந்தது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். நான் உட்கார்ந்து காலைப் பார்த்தேன். மழைக்காக இடுப்பில் சுற்றியிருந்த தடித்த தார்ப்பாய் கிழிந்திருந்தது. அதற்குக் கீழே கால்சட்டை கிழிந்திருந்தது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு கையாலும் தொடையைத் தடவித் தடவிப் பார்த்தேன். உயிர் திரும்பி வந்தது போல இருந்தது.

மச்சான் மெஷினை அணைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினான். என் கையுறை ஓட்டையாகி, விரல்கள் வெளியே தெரிந்தன. அவன் அதைப் பார்த்துவிட்டான். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"மாப்ள, எத்தன நாளா இது?"

"குளிருதான்."

"பொய் சொல்லாத."

அவன் சுற்றிலும் பார்த்தான். மற்றவர்கள் மரத்தின் பக்கம் போயிருந்தார்கள். தன் இடது கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, கையை என் முழங்கால் மேல் வைத்தான். மோதிர விரல், நடுவிரல். என்னுடையதைப் போலவே சுண்ணாம்பு வெள்ளை.

"என்னாலதான் உனக்கு வந்துச்சின்னு நெனைக்கிறேன்" என்றான். "எனக்குப் போன வருசமே வந்துடுச்சி. ஒரே மெஷின், கையுறையும் மாத்தி மாத்திப் போட்டோம். உங்கிட்ட சொல்லாம இருந்துட்டேன்."

"நான் நெனச்சேன், எங்கிட்டேருந்துதான் யாருக்காச்சும் போவப் போவுதுன்னு" என்றேன். "அதுக்குத்தான் பொண்ணு வேணாம்னியா?"

தலையை ஆட்டினான். "அந்தப் புள்ளய கொண்டாந்து என்ன செய்ய?"

அன்று சாயங்காலம் மச்சானை வீட்டுக்கு அழைத்துப் போனேன். கிழிந்த கால்சட்டையைப் பார்த்ததும் என் மனைவி சாமியறைக்குப் போய்த் திருநீறு எடுத்து வந்து என் தொடையில் பூசினாள். அண்ணனின் கையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு பக்கம் புருசன், ஒரு பக்கம் அண்ணன். அழத் தொடங்கியவள், பாதியில் நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரே தட்டுல சாப்பிடுறேன், எனக்கு வரல. அம்மாவுக்கு வரல. கவ்வாத்துக்காரங்க யாருக்கும் வரல. ஒங்க ரெண்டு பேருக்கு மட்டும் எப்படி வந்துச்சி?"

கையிலிருந்த திருநீற்றைச் சாமியறையில் வைத்துவிட்டு வந்தாள்.

"நாளைக்கு ரெண்டு பேரும் டவுனுக்கு, தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போறீங்க. டிரசர் வேணாம். நேரா பெரிய ஆஸ்பத்திரி. என்னமோ, தெரிஞ்சிட்டுப் போவட்டும். தெரியாம இருக்கிறதுதான் என்னால முடியல."

மறுநாள் லீவு கேட்டுக்கொண்டு, ரோடு வரை நடந்து, பஸ் ஏறினோம். பஸ்ஸில் சீட்டு இருந்தும் உட்காரவில்லை. கம்பியைக்கூட முழங்கையால்தான் அணைத்துப் பிடித்தோம். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுபவர் என்ன உபாதை என்று கேட்டதற்கு, "கை வலி" என்றான் மச்சான்.

டாக்டர் இளம் பெண். ஈப்போ பக்கத்துத் தமிழ்ப் பெண் என்று பேச்சிலேயே தெரிந்தது. எங்கள் இருவரையும் ஒன்றாகவே உள்ளே வரச் சொன்னார். கையைக் காட்டினோம். அப்போது வெயில் வந்திருந்ததால் விரல்கள் எல்லாம் நல்ல நிறத்தில் இருந்தன. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒன்றுமில்லாததற்கு வந்தது போல.

"காலையில வெளுக்குது டாக்டரம்மா. மரத்துப் போவுது" என்றேன்.

"பயந்துக்கிட்டு வந்திருக்கீங்க போல. எதுன்னு நெனச்சிப் பயந்தீங்க?"

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டோம். அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகு, கை, முகம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்கைக்குப் பின்னால் நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் அங்கங்கே தொட்டு, தொடுவது தெரிகிறதா என்று கேட்டார். பிறகு ஒரு பேசினில் பைப்புத் தண்ணீர் பிடித்துவரச் சொல்லி, எங்கள் கைகளை அதில் வைக்கச் சொன்னார். ஒரே பேசினில் இரண்டு ஆம்பளைகளின் நான்கு கைகள். மச்சானின் முழங்கை என் விலாவில் இடித்தது.

விரல்கள் அவர் கண்ணெதிரிலேயே வெளுத்தன. இருவருக்கும் இடது கையில்தான் அதிகம். வெளுப்பு எந்தக் கணுவில் நிற்கிறது என்று குனிந்து பார்த்தார்.

"ரெண்டு பேரும் என்ன வேலை செய்றீங்க?"

"எஸ்டேட்ல மரவேலை."

"எதால வெட்டுவீங்க?"

"செயின்சா."

"கையில நல்லா ஆடுமா அது?"

"ஆடுமாவா? வீட்டுக்குப் போயும் ஆடும்" என்றான் மச்சான்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்திலிருந்தும் ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது.

"அண்ணே, ரெண்டு பேரும் நல்லாக் கேளுங்க. நீங்க பயப்படுற வியாதி இது இல்ல. இது மெஷின்னால வந்தது."

மச்சான்தான் பேசினான்.

"எங்க மனசுக்காகச் சொல்லாதீங்க டாக்டரம்மா."

"உங்க மனசுக்காக நான் எதுக்குப் பொய் சொல்றேன்? அந்த வியாதியில மரத்தா மரத்ததுதான். சூடு காட்டுனா திரும்பி வராது. உங்களுக்கு வெளுக்குது, பொறவு ரத்தம் வருது, வலிக்குது, சரியாப் போவுது. வருசக் கணக்கா ஆடுற மெஷினப் புடிச்சா, விரல்ல இருக்கிற சின்ன ரத்தக் குழாய் கெட்டுப் போவும். குளிரு பட்டா மூடிக்கும். ரோட்ட ஒடைக்கிற மெஷின் புடிக்கிறவங்களுக்கும் இப்படி வரும்னு படிச்சிருக்கேன். நேர்ல பாக்கிறது இப்பதான். அதுவும் ஒரே நாள்ல ரெண்டு பேரு!"

"ஒட்டிக்காதா?"

"ஒட்டாது."

"புள்ளையத் தூக்கலாமா?" என்று கேட்டேன்.

"தூக்குங்கண்ணே" என்றார். "தாராளமாத் தூக்குங்க. இன்னொண்ணும் சொல்றேன். அந்த வியாதிக்கும் இப்ப நல்ல மாத்திரை இருக்கு. ஆளுங்க கொணமாகி வீட்டுக்குப் போறாங்க. சந்தேகம் வந்தா வந்து காட்டணும், ஒளிச்சி வைக்கக் கூடாது."

மச்சான் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. இரண்டும்தான். திடீரென்று நிமிர்ந்து, "வந்ததுதான் வந்துட்டோம், அந்த டெஸ்டையும் எடுத்துருங்க" என்றான். வேண்டாம் என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் அவன் காதுமடலில் லேசாகக் கீறி எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் போய்க் கேட்டபோது அதிலும் ஒன்றுமில்லை என்றே வந்தது. சிகரெட்டை விட வேண்டும், கையைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டும், மெஷினைத் தொடர்ந்து பிடிக்கக் கூடாது, முடிந்தால் மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். முழுவதும் சரியாகும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எங்களுக்கு அது போதும்.

வெளியே வந்தபோது வெயில் அடித்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் போய் உட்கார்ந்தோம். கடைக்காரர் வந்து, "என்ன வேணும் தம்பி?" என்றார். எனக்குப் பசி தாங்கவில்லை. பல வாரங்களாகச் சாப்பாடு இறங்காதிருந்தது அப்போதுதான் தெரிந்தது. வறுத்த சேமியா போல இருக்கும் மீ கோரேங் சாப்பிட்டோம், ரொட்டி சாப்பிட்டோம், மறுபடியும் மீ கோரேங் சொன்னோம். மச்சான் என் தட்டிலிருந்த இறாலைக் கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். கடைக்காரர், "எத்தன நாள் பட்டினி?" என்று கேட்டார். சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை மச்சான் மேசையில் வைத்துவிட்டு வந்தான். வழியில் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டான். அதை விட அவனுக்கு இன்னும் கொஞ்ச காலம் ஆனது.

தோட்டத்துக்குத் திரும்பியபோது சாயங்காலம் கொழுந்து நிறுப்பதற்கு இன்னும் நேரம் இருந்தது. என் மனைவி ரோட்டுக்கு எதிர்ச் சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். பெண்களும் கங்காணியும் சுற்றி இருக்கும்போது அந்த வார்த்தையை எப்படிக் கத்திச் சொல்வது? ஆயாக் கொட்டகைக்குப் போனேன். மகள் என்னைப் பார்த்ததும் வழக்கம் போல ஓடி வந்தவள், கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டாள். விலக்கி விலக்கிப் பழக்கியிருந்தேன் அல்லவா? நானே போய் அவளை அள்ளித் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, ரோட்டின் நடுவில், சரிவுக்கு எதிரில் போய் நின்றேன்.

என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். கூடைப் பட்டை நெற்றியில் இருந்தபடியே நின்றாள். பக்கத்தில் இருந்தவள் ஏதோ கேட்டிருக்க வேண்டும். இவள் தலையாட்டியது தெரிந்தது. முந்தானையால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தாள். அன்றைக்குக் கூடையில் முற்றிய இலை நிறைய இருந்ததென்று கங்காணியிடம் ஏச்சு வாங்கியதாகப் பிறகு சொன்னாள். எந்த இலையை எடுத்தோம் என்றே கண்ணுக்குத் தெரியவில்லையாம்.

டாக்டர் சொன்னதை மறுநாள் மச்சானும் நானும் துரைக்கு அடுத்தபடியான சின்னத் துரையிடம் போய்ச் சொன்னோம். வேலையை விட்டு நிறுத்திவிடுவாரோ என்று ஒரு பயம் இருந்தது. அவர் கேட்டுவிட்டு, மெஷினைக் கொண்டுவரச் சொன்னார். முற்றத்தில் கிடந்த கட்டை ஒன்றைத் தானே அறுத்துப் பார்த்தார். கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே, "நாள் முழுக்க இதையா புடிக்கிறீங்க?" என்றார். கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ரப்பர் வைத்த மெஷின்கள் வந்திருப்பதாக ஈப்போவில் சொன்னார்கள், கேட்டுப் பார்க்கிறேன் என்றார். சில மாதங்களில் அது வந்தது. அது வரும்வரை, நான் கொஞ்ச நேரம், மச்சான் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றிப் பிடித்தோம். சிறு மரங்களுக்குப் பழைய இழுப்பு ரம்பத்தையே எடுத்தோம். பரண் மேல் துருப்பிடித்துக் கிடந்ததைத் தீட்டினேன். என் மனைவி பழைய கம்பளியை வெட்டிக் கையுறைக்குள் போட்டுக்கொள்ள இன்னொரு உறை தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டால் கரடிக் கை போல இருக்கும்.

புது மெஷினைப் பிடித்த முதல் நாள் நன்றாக நினைவிருக்கிறது. அதே சத்தம்தான் போட்டது, ஆனால் கைக்கு வராமல் நடுவழியிலேயே எதிலோ அடங்கிவிட்டது. வேலை முடிந்து உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். தேனீக்கள் இல்லை.

மச்சான் தானாகவே கோலா தெர்லாவுக்குப் போய்ப் பெண்ணின் அப்பாவிடம் பேசினான். வேண்டாம் என்றவன் ஏன் திரும்பி வந்தான் என்று அவர் கேட்டதற்கு, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டான். விரலையும் காட்டினான். பெண் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "கோசு கழுவுற தண்ணியில எங்க கையும்தான் மரத்துப் போவுது" என்று அவள் சொன்னதாகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

கல்யாணம் தோட்டத்துக் கோயிலில், தை மாதத்தில், விடியற்கால முகூர்த்தம். வாயைத் திறந்தால் புகை வரும் குளிர். பட்டு வேட்டியோடு மச்சான் உட்கார்ந்திருந்தான். கரடிக் கையுறையைக் கடைசி நிமிடம் வரை போட்டிருந்தவனை, ஐயர் சத்தம் போட்டுக் கழற்றவைத்தார். தாலியைக் கையில் வாங்கியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அவன் விரல்கள் வெளுத்துவிட்டன. மேளம் கொட்டுகிறது, அரிசி விழுகிறது, இவன் மஞ்சள் கயிற்றின் இரண்டு முனைகளையும் வைத்துக்கொண்டு தடவுகிறான், முடிச்சு விழவில்லை. மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். என் மாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"விடுண்ணே" என்றாள் என் மனைவி. மாப்பிள்ளையின் தங்கை என்ற முறையில் பெண்ணுக்குப் பின்னால் அவள்தான் நின்றிருந்தாள். அண்ணன் ஒரு முடிச்சுப் போட்டால் மிச்சத்தைப் போடுவதற்காக. அவன் விரல்களின் மேல் தன் விரல்களை வைத்து, அந்த முதல் முடிச்சை அவனோடு சேர்ந்து இறுக்கினாள். மற்ற இரண்டையும் தானே போட்டாள். குனிந்திருந்த பெண்ணின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தோம், சிரித்துக்கொண்டிருந்தாள்.

எண்பதுகளில் மச்சான் மரவேலையை விட்டு மாமனாரோடு சேர்ந்துகொண்டான். திரிங்காப் ஊரிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு போகும் லோரி ஒன்றை ஓட்டினான். ஸ்டியரிங் ஆடினால் உடனே பட்டறைக்கு விட்டுவிடுவான் என்று கேலி செய்வோம். நான் தோட்டத்திலேயே இருந்தேன். பெரிய மரங்களுக்கு மட்டும் மெஷின், கிளை கழிக்கக் கைரம்பம் என்று வைத்துக்கொண்டேன். விரல் முழுவதும் சரியாகவில்லை. மழைக்காலத்தில் சில காலைகளில் மோதிர விரல் வெளுக்கும். அப்போது மெஷினைக் கீழே வைத்துவிட்டு, கையை அக்குளில் வைத்துக்கொண்டு, ரத்தம் திரும்பும்வரை ஒரு கட்டையில் உட்கார்ந்திருப்பேன். கங்காணி ஒன்றும் சொல்ல மாட்டார். கீழே சரிவில் பெண்கள் பேசிக்கொண்டு கொழுந்து எடுப்பார்கள். ஊசி குத்துவது போல வலி வரும். வலி வந்தால் நல்லது என்று எனக்குத் தெரியும். எழுந்து போய் மெஷினின் கயிற்றை இழுப்பேன்.